இரண்டாம் வருகை

இந்த முறை படிவம் இல்லை.
காலணியைக் கழற்றினால் போதும்.
பனி உருகி விரிப்பில் வழியும், வழியட்டும்.
பிப்ரவரியில் கிம்லியில்
எல்லார் காலடியிலும் ஒரு குட்டி ஏரி உண்டு.

முதல் சிகிச்சைக்குப் பிறகு
சிலருக்கு வலி கூடும், ஒன்றிரண்டு நாள்.
பழகாத வழியில் நடந்த கால்போலத் தசை முனகும்.
உங்களுக்கு எப்படி என்று கேட்கிறேன்.
ஆர்ன்தோர் பியார்னசன்,
முப்பத்தெட்டுக் குளிர்காலம்
உறைந்த ஏரியைத் துளைத்து வலை இழுத்தவர்,
கூரையைப் பார்த்தபடி
"பரவாயில்லை" என்கிறார்.

பத்துக்கு எத்தனை?
போன புதன்கிழமை எட்டு.
"இரண்டு."
கொஞ்சம் யோசித்து, "ஒன்றரை."
வலிக்கு அரைக் கணக்குப் போடுகிறவரை
இன்றுதான் பார்க்கிறேன்.

குனிகிறார். விரல்நுனி முழங்காலைத் தாண்டி இறங்குகிறது.
திரும்புகிறார். இடப்பக்கம் கதவு இன்னும் இடிக்கிறது.
பயிற்சி செய்தீர்களா என்பேன்,
செய்தேன் என்பார்,
செய்தார் என்று எழுதிக்கொள்வேன்.
இது எங்கள் தொழிலின் மரியாதை.

பிறகு கவிழ்ந்து படுக்கவேண்டும்,
முகம் பதிக்கத் துளை விட்ட மெத்தையில்.
அங்கிருந்து என் காலுறைகள் மட்டும் தெரியும்,
இன்று இரண்டும் வேறு வேறு நிறம்.

மீன்பெட்டி தூக்கியதால் வந்தது என்றிருந்தார்.
பெட்டி இரு தோளையும் சமமாய்க் கேட்கும்.
இந்த முதுகு அப்படி இல்லை.
வலத்தோள் தாழ்ந்து
இடுப்பு ஒருபுறம் முறுகி
கழுத்தின் பின்புறம் கயிறாய் இறுகி
யாரோ அங்கே கைகோத்துத்
தினமும் தொங்கியதுபோல்.
மீன்பெட்டிக்குக் கைகள் இல்லை.

மூச்சை விடுங்கள்.
சத்தம் கேட்கும், பயப்படவேண்டாம்.
உடைவது எலும்பல்ல,
மூட்டுக்குள் அடைபட்ட காற்றுக்குமிழ்.

துளைக்குள்ளிருந்து குரல் வருகிறது:
"லோவாவை வியாழக்கிழமை
இல்லத்தில் சேர்த்துவிட்டேன்.
தூக்குவதற்கு அங்கே இயந்திரம் இருக்கிறது.
கூரையில் தண்டவாளம், அதில் துணித்தொட்டில்.
கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நாற்பது நொடி.
எனக்கு ஐந்து நிமிடமாகும்.
நடுவழியில் ஜன்னலோரம் நிற்பேன்,
ஏரியில் யார் வண்டி நிற்கிறதென்று
அவள் சொல்லவேண்டும்.
பெரும்பாலும் தப்பாகச் சொல்வாள்."

என் கை அவர் முதுகின்மேல் இருந்தது.
அடுத்து எங்கே அழுத்தவேண்டும் என்பது
ஒரு கணம் மறந்துபோயிற்று.

இரண்டாம் வருகை கால்மணி நேரம்தான்.
முடிவில் ஒரு தாள் கொடுப்போம்:
பனிக்கட்டி ஒத்தடம், நிறையத் தண்ணீர்,
கனமான எதையும் தூக்கவேண்டாம்.
கடைசி வரியை
நான் வாசித்துக் காட்டவில்லை.

கோட்டுப் பொத்தானைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டே
கேட்டார்:
"இந்த ஒன்றரையும் போய்விடுமா?"
அடுத்த முறை போய்விடும், என்றேன்,
நல்ல செய்தி சொல்லும் குரலில்.

தலையாட்டினார்.
வரவேற்பு மேசையில் நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பி
மார்ச்சைத் தாண்டி
ஏப்ரலையும் தாண்டி
விரலை எங்கோ வைத்தார்.

ஏரி அதற்குள் உருகியிருக்கும் என்றேன்.

"தெரியும்" என்றார்.