நாளைக்கு ஆறு மணிக்கு

நான் கணக்கு வாத்தியார்.
ஓட்டப் பயிற்சிக்கு ஆள் வேண்டுமென்று
ஆண்டின் முதல் கூட்டத்தில் தலைமையாசிரியர் கண்ணைச் சுழற்றியபோது
தலை குனியத் தாமதித்தவன் நான் ஒருவன்தான்.
விசில் பள்ளியினுடையது.
கோல் மாற்றுவது எப்படி என்பதைக்
கைப்பேசியில் பார்த்துக் கற்றேன்.

பந்தாய் டாலாம் அடுக்குமாடிகளுக்கும்
மேம்பாலத்துக்கும் நடுவே எங்கள் திடல்.
மழை பெய்தால் மூன்றாவது தடம் குளமாகும்.
எங்கள் பிள்ளைகள் இரண்டிலிருந்து நான்குக்குத்
தாவிக்கொள்வார்கள்.

அஞ்சலோட்டத்துக்கு நால்வர்:
ஹாஃபிஸ், சியாவ் வெய், மோகனேஸ்வரன்,
கடைசியாக லோகதர்ஷன்.
படிவம் மூன்று. பதினாறாவது மாடி.
லிஃப்ட் கெட்டு ஐந்து மாதம்.
அரிசி மூட்டையோடு போன அவன் பின்னால் ஒருநாள் ஏறினேன்;
ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்துவிட்டேன்.
அவன் மேலே போய் மூட்டையை வைத்துவிட்டு
எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தான்.

வேகத்துக்குக் குறைவில்லை.
ஆனால் கோல் வாங்குகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது.
'கை' என்ற குரலை நம்பி
முன்னே ஓடிக்கொண்டே பின்னால் நீட்டவேண்டும்.
லோகா திரும்புவான்.
கணக்குப் போட்டுக் காட்டினேன்:
திரும்பினால் அரை நொடி, அரை நொடிக்கு நாலு மீட்டர்.
தலையாட்டினான். திரும்பினான்.
திட்டினேன். திரும்பினான்.

ஒரு மாலை, காலுறையைக் கழற்றியபடி
செருப்பிடம் சொல்வதுபோல் சொன்னான்:
"எங்க மாடியில, சார்,
பின்னால ஓடி வர்றவங்க
குடுக்க வர்றவங்க இல்ல. கேக்க வர்றவங்க."

அன்று நான் நேரம் குறிக்கவில்லை.

மூன்று வாரம் யாரும் ஓடவில்லை.
நடந்தோம். நடந்தபடியே பின்னாலிருந்து
முதலில் கோல், பிறகு பென்சில், ஆரஞ்சுப் பழம்.
ஹாஃபிஸ் ஒருநாள் சூடான நாசி லெமாக் பொட்டலத்தை
நீட்டிய கையில் வைத்தான்.
லோகா துள்ளிய துள்ளலில்
சம்பால் என் சட்டையில்.

மாலையில் அவனுக்குக் கார் கழுவும் வேலை.
அதனால் பயிற்சி காலை ஆறுக்கு மாறியது.
கோலாலம்பூரில் ஆறு மணி என்பது இன்னும் இரவுதான்.
மேம்பால விளக்கின் மிச்ச வெளிச்சத்தில்
ஆளுக்கொரு அவித்த முட்டை, பிறகு ஓட்டம்.

வட்டாரப் போட்டியில் திரும்பினான்.
எட்டில் ஐந்தாவது.
மோகனேஸ்வரன் அழுதான். எனக்கும் கோபம்தான்,
மறைக்கமாட்டேன்;
பேருந்தில் யாரோடும் பேசவில்லை.
ஆண்டறிக்கையில் 'அடைவு' என்ற கட்டத்தில்
ஒரு கோடு இழுத்துக் கையெழுத்திட்டேன்.

மாதங்கள் கழித்து சியாவ் வெய் சொன்னான்.
இரவு பதினொன்று, மாடிப்படி அடியில் மூன்று மோட்டார்.
"ஏறு. ஒரு பொட்டலம் கைமாத்தணும். நூறு வெள்ளி."
லோகா தப்பு என்று சொல்லவில்லை,
பயம் என்றும் சொல்லவில்லை.
"முடியாதுண்ணே. நாளைக்கு ஆறு மணிக்கு ஓடணும்."
சிரித்திருக்கிறார்கள்.
"ஓடி என்னத்தக் கிழிச்ச?"
"அஞ்சாவது."
சொல்லிவிட்டுப் படியேறியிருக்கிறான்.

திரும்பிப் பார்த்தானா என்று கேட்டேன்.
பார்த்தான், என்றான் சியாவ் வெய். ரெண்டு தடவை.

அந்தத் தேதியைக் கேட்டு வாங்கி
மறுநாளின் வருகைப் பதிவைப் புரட்டினேன்.
லோகதர்ஷன்: ஐந்து ஐம்பது.
கீழே, ஹாஃபிஸின் கோணல் கையெழுத்தில், மலாயில்:
சார் தாமதம்.