எழுத்துக்கு முப்பது குரோனர்

ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கன்டெய்னர்.
உள்ளே ஒரு ஹீட்டர், ஒரு காபிக் குடுவை,
சட்டையில் பெயர் ஒட்டும் சூட்டு இயந்திரம், நான்.
ஹெல்வோக்கில் பிப்ரவரி.
சூரியன் திரும்பி ஒன்பது நாள்தான் ஆகிறது;
அதுவும் மதியம் எட்டிப் பார்த்துவிட்டு
கடன் வாங்கியவன்போல நழுவிவிடுகிறது.

மூன்று பேரை வாங்கியிருக்கிறோம்.
வாங்கியிருக்கிறோம் என்பது வாய்ப் பெருமைக்கு.
ஒருவன் இலவசம். ஒருவன் இரவல்.
ஒருவனுக்கு மட்டும் மீன் ஆலை காசு கொடுத்தது,
அதையும் தவணையில்.

முதலில் ஒத்வார் வந்தார்.
அவருக்கு முன்னால் படகின் டீசல் வாசம் வந்தது.
மேசையில் விரித்த சட்டையின் முதுகில்
உரித்தெடுத்த பெயரொன்றின் நிழல்.
போன வருடத்து பெல்ஜியக்காரன்:
பதினெட்டு ஆட்டம், ஒரு கோல்,
அதுவும் நம் வலையில்.
பசையைச் சுரண்டலாம், ஸ்பிரிட் போட்டுத் தேய்க்கலாம்.
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்
ஆள் இன்னும் அங்கேயே நிற்கிறான்.
"எண் மட்டும் போடு. பதினொன்று.
எண் யாரையும் விட்டுப் போகாது."

சோல்ஃப்ரிட் ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவு.
ஐஸ்லாந்துக்காரனை ஒரே ஒருமுறை பார்த்தாளாம்,
மளிகைக் கடைப் படியில் இறங்கும்போது.
"ஆளுக்கு இருபத்தொன்பது,
முழங்காலுக்கு நாற்பது" என்றாள்.
சொல்லிவிட்டு அவன் பெயரையே போடச் சொன்னாள்.
ஏன் என்று கேட்டேன்.
"படியில் இறங்கி, திரும்பி,
பின்னால் வந்த கிழவருக்குக் கதவைப் பிடித்தான்."
கதவு பிடிப்பவன் கோல் அடிப்பானா?
நான் கேட்கவில்லை. வியாபாரம்.

கோல்கீப்பர் ஸ்லோவேனியா. பெயர் பதினோரு எழுத்து.
குழந்தைகள் உண்டியலோடு வந்து, எண்ணிப் பார்த்து,
ஸ்ட்ரைக்கர் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள்.
அதில் ஓர் எழுத்துக்குத் தலையில் கொக்கி வேண்டும்.
அது எங்கள் பெட்டியில் இல்லை.
எங்கள் எழுத்தொன்றின் தலையிலிருந்த வளையத்தை வெட்டி,
பாதியாக்கி, அவன் எழுத்தின்மேல் ஒட்டினேன்.
கொஞ்சம் கோணல்.
மூன்றாம் டிவிஷனுக்கு இது போதும்.

மூடும் நேரத்துக்கு இரவல்காரனே வந்தான்.
எப்ரிமா ஜாட்டா, காம்பியா, இடது விங்.
அவனுடைய இரண்டு நிமிட வீடியோவை
ஊரே நாற்பது தடவை பார்த்திருக்கிறது.
அந்த இரண்டு நிமிடத்தில் யாராவது தடுக்கி விழுவார்களா என்ன?
நேற்றைய பயிற்சியில் மூன்று முறை விழுந்தான்.
வேலிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் வாய் திறக்கவில்லை;
திறந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

கையுறையைக் கழற்றாமலே கேட்டான்:
"என் பெயர் எத்தனை விற்றது?"
"ஐந்தே எழுத்து. மலிவான பெயர்" என்றேன்.
சிரித்தான். பதில் அது இல்லை என்று தெரிந்துகொண்டான்.
"காத்திருக்கிறார்கள்" என்றேன்.
"எதற்கு?"
"பனி உருகட்டும் என்று."
"பனி எப்போது உருகும்?"
"மே மாதம்."
"முதல் ஆட்டம்?"
"ஏப்ரல்."

கொடியில் ஒத்வாரின் சட்டை தொங்கியது.
அவன் அதை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்து
நிழலை எழுத்துக்கூட்டி வாசித்தான்.
பெல்ஜியக்காரன் பெயரை அப்படி முழுசாக
இந்த ஊரில் யாரும் சொன்னதில்லை,
கெட்ட வார்த்தை சேர்க்காமல்.
"இப்போது எங்கே இருக்கிறான்?"
எனக்குத் தெரியவில்லை.
எழுத்துகளை உரித்ததோடு சரி,
விசாரிக்கத் தோன்றவில்லை.

அவன் போனதும் ஒத்வார் மறுபடி வந்தார்,
சட்டையை எடுத்துப் போக.
எடுத்தார். போகவில்லை.
காபியை ஊற்றிக்கொண்டு ஹீட்டரைப் பார்த்துப் பேசினார்:
"விழுந்தான். சரி.
மூன்றாவது முறை எழுந்த வேகத்தைப் பார்த்தாயா?"
"பெயர் போடவா?"
"பைத்தியமா உனக்கு? முதல் ஆட்டம் முடியட்டும்."
கதவு வரை போய்த் திரும்பினார்.
"அந்த 'டி' எழுத்து சீக்கிரம் தீர்ந்துவிடுமே,
அவனுக்கு இரண்டு வேண்டும்.
எடுத்து வைக்கிறதில் தப்பில்லை."

ஐந்து எழுத்தையும் எடுத்து உறையில் போட்டு
மேலே அவர் பெயரை எழுதினேன்.
பென்சிலில்தான்.