படிவத்தில் இல்லாத கட்டம்

கிண்டி வேலியோரம்
காது கிழிந்த குரங்கு
நான் முகம் திருப்பும்வரை காத்திருந்து
நிலக்கடலையை எடுத்தது.
குறித்துக்கொண்டேன்:
என் கண்ணைப் படிக்கிறது.

தரமணி பால்வாடியில்
மிட்டாயை நீல டப்பாவில் வைத்துவிட்டு
பெனாசிர் வெளியே போனாள்.
நான் சிவப்புக்கு மாற்றினேன்.
"வந்ததும் எதுல தேடுவாங்க?"

மூன்றரை வயது இதழினி
நீலத்தைக் காட்டவில்லை,
சிவப்பையும்.
கதவுக்கு ஓடிக் கத்தினாள்:
"அக்கா, ஏமாத்துறாங்க!
சிவப்புல இருக்கு!"

சரியா, தவறா?
இரண்டே கட்டம்தான் அச்சடித்திருந்தேன்.

பறக்கும் ரயிலில்
அதையே நினைத்து அண்ணாந்தேன்.
எதிரே இருந்தவர் அண்ணாந்தார்.
கூடையோடு நின்ற பூக்காரம்மாவும்.

ஓடாத மின்விசிறி ஒன்று.
திருவான்மியூர் வரும்வரை
எல்லோருமாய் அதைப்
பார்த்துக்கொண்டிருந்தோம்.