சாவி பதினொன்றாம் எண் வீட்டில்

தேவாலயக் கதவில் அப்படித்தான் எழுதியிருக்கும்.
பதினொன்று நான்.
ஃப்ரௌக்கெ.
நாய் குரைக்கும், கடிக்காது.
பன்னிரண்டு மணிக்கு மட்டும் வராதீர்கள்,
சூப் ஆறிவிடும்.

ஹார்கெவீர்ட் ஊரைத் தேடி யாரும் வருவதில்லை.
வழி தவறிய சைக்கிள்காரர்கள் வருவார்கள்.
எழுபத்தொரு வீடு,
ஒரு மதகு,
இரண்டே இறக்கையோடு நிற்கும் காற்றாலை.
அதன் பெயர் பொறுமை.
மற்ற இரண்டைக் கழற்றி எடுத்துப்போனவர்கள்
அடுத்த வசந்தம் என்றார்கள்.
எந்த வசந்தம் என்று நாங்களும் கேட்கவில்லை.

ஊரே ஒரு மேடு.
கடலுக்குக் கரை போடத் தெரியாத காலத்தில்
சாணமும் களிமண்ணும் கூடை கூடையாய்க் கொட்டி
கணுக்கால் நனையாத உயரத்துக்கு ஏறி
மாட்டையும் மேலே இழுத்துக்கொண்டவர்கள்
எங்கள் முன்னோர்.
அணை வந்த பிறகு
அதே மேட்டைப் பாதி வெட்டிப்
படகில் ஏற்றி உரமாக விற்றவர்களும்
அவர்கள்தான்.
வெட்டிய விளிம்பில் இப்போது
டாம்ஸ்ட்ராவின் கோழிகள் நின்று
கீழே பார்க்கின்றன.

மணியைப் பற்றிக் கேட்பீர்கள்.
போரில் ஜெர்மானியர்கள் இறக்கிக்கொண்டு போனார்கள்.
வெண்கலம்.
பீரங்கியானதா, கடலில் விழுந்ததா, தெரியாது.
இப்போதிருப்பது எஃகு.
வாளியைத் தட்டியதுபோல ஒலிக்கும்.
அதற்கும் ஆட்கள் வந்து கல்யாணம் செய்துகொள்கிறார்கள்.

உள்ளே வாருங்கள், தலையைக் குனியுங்கள்.
தூண்களில் என் கழுத்தெலும்பு உயரத்தில்
ஒரு கோடு ஓடுகிறதே,
அது ஆயிரத்து எழுநூற்றுப் பதினேழு, கிறிஸ்துமஸ் இரவு.
கடல் வந்து நின்ற இடம்.
கறை காய்வதற்குள்
கொத்தன் ஒருவன் உளியால் அதன்மேலேயே வெட்டிவிட்டான்.
பாதிரியார் எழுதிய கணக்கு பெட்டியில் இருக்கிறது:
முதல் வரியில் மாடுகள், இருநூற்றுப் பன்னிரண்டு.
இரண்டாம் வரியில் மனிதர்கள்.
மை அங்கே கொஞ்சம் பரவியிருக்கிறது.
நான் எதையும் கற்பனை செய்துகொள்வதில்லை;
கூரை ஒழுகும்.

பிறகு வாயு.
மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து
நாடு முழுவதற்கும் அடுப்பெரிய எடுத்தார்கள்.
என் அடுப்பும் எரிந்தது, மறைக்கவில்லை.
ஓர் ஆகஸ்ட் இரவு
லாரி ஒன்று வீட்டுக்குள் வருவதுபோல் சத்தம்.
லாரி இல்லை.
அலமாரியில் தட்டுகள் மட்டும்
வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தன.

போன செவ்வாய்க்கிழமை
விரிசல் அளக்க ஒருவர் வந்தார், ஸீபென் என்று பெயர்.
தாடி சரியாக முளைக்காத வயது,
கையில் பதினெட்டுப் பக்கப் படிவம்.
"இந்த விரிசல் முன்பே இருந்ததா?"
எதற்கு முன்பே, என்றேன்.
அதற்குப் படிவத்தில் இடமில்லை.

விரிசலின் குறுக்கே அளவுத் தகடு ஒட்டினார்.
கடல் போட்ட கோட்டுக்குச் சற்றே கீழே.
ஒட்டிவிட்டு நிமிர்ந்தவர்
தெற்குத் தூணைப் பார்த்தார், வடக்குத் தூணைப் பார்த்தார்,
பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார்.

தண்ணீர் போட்ட கோடு.
மட்டம் தப்புமா?
புயலில் வந்தாலும், ஊரைக் கொன்றாலும்,
நின்றபின் தண்ணீர் நேராகத்தானே நிற்கும்?

குமிழி தெற்கே ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.
வடக்கில் கோடு
இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.

எதுவும் பேசவில்லை அவர்.
படிவத்தின் ஓரத்தில், கட்டங்களுக்கு வெளியே,
பென்சிலால் ஒரு சாய்ந்த கோடு வரைந்தார்.
அழித்தார்.
மறுபடி வரைந்தார்.

சாவியைத் திருப்பித் தர வந்தபோது
மணி பன்னிரண்டு இருபது.
வேறென்ன செய்வது, இன்னொரு தட்டு வைத்தேன்.
வெங்காயத்தாள் சூப்
அவர் தட்டில் ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டது,
மறுபக்கம் தொடவில்லை.
கரண்டியைத் தூக்கியபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறைச்சி உருண்டைகள் வடக்கே ஒதுங்கும்,
என்றேன்.
அங்கே தேடுங்கள்.