சில்லறைக்கு மிட்டாய்

கத்திரி தொடங்கி ஆறாம் நாள்.
தண்டையார்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால்
எங்கள் மெடிக்கல்ஸில்
ஃபேன் அனலைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

மேரி கிரேஸ் வந்தாள்.
கையில் நாலாய் மடித்த ஆஸ்பத்திரிச் சீட்டு,
இடுப்பில் பிள்ளை.
பதினாலு மாசம். பேர் ஜெனிஷா.
கன்னம் வற்றி, கண் மட்டும் பெரிதாகி
கண்ணாடிக்குள் இருந்த பவுடர் டப்பாக்களை
ஒவ்வொன்றாய்ப் பார்த்தது.
அழுதது என்று சொல்ல முடியாது.
அழுகிற வாய் இருந்தது, கண்ணீர் இல்லை.

சீட்டில் இரண்டு வரி:
உப்புச் சர்க்கரைப் பொடி ஆறு பாக்கெட்,
ஜிங்க் மாத்திரை பதினாலு நாளைக்கு.
'அங்க ஸ்டாக் இல்லையாம்ணா, வெளிய வாங்கச் சொன்னாங்க.'

எடுத்து வைத்தேன்.
ஆறு பாக்கெட்டையும் ரப்பர் பேண்ட் போட்டு
கண்ணாடி மேல் வைத்தேன்.
அவளிடம் இருந்தது ஒரே ஒரு இருநூறு ரூபாய்த் தாள்.

எதிர்ப்பக்கம் ஆட்டோவில் ரவீந்தர்.
முழங்கையைச் சொறிந்துகொண்டே
ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான்.
அவள் திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை,
என் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள்.

'பொடி ராத்திரி வாங்கிக்கிறேன்.
அந்த அட்டை ஒண்ணு குடுண்ணா.'

அந்த அட்டை.
பேர் சொல்ல மாட்டார்கள்.
வலிக்கு என்று எழுதியிருக்கும்,
அவர்களுக்கு எங்கே வலி என்று
நாங்களும் கேட்டதில்லை.
ஃப்ரிட்ஜுக்கு அடியில், பழைய காலண்டர் சுற்றி
முதலாளி வைத்திருப்பார்.
அச்சடித்த விலை ஒன்று, அவர் விலை ஒன்று.
நூற்றுத் தொண்ணூற்றைந்து.

குனிந்து எடுத்தேன்.
கொடுத்தேன்.

மீதி ஐந்து ரூபாய். கல்லாவில் சில்லறை இல்லை.
ஆரஞ்சு மிட்டாய் ஐந்து எண்ணிப் போட்டேன்.
'பாப்பாவுக்கு' என்றேன்,
ஏதோ கொடுத்தவன் மாதிரி.
பிள்ளை ஒன்றை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டது.

ராத்திரி யாரும் வரவில்லை.
ஷட்டரை இறக்கும்போது
பாக்கெட்டுகளைத் திரும்ப ரேக்கில் வைத்தேன்.
ரப்பர் பேண்டைக் கழற்றவில்லை.

மறுநாள் முழுக்க அவர்கள் எழுந்திருக்கவில்லை.
ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்தாழ்ப்பாள்.
பக்கத்து வீட்டு ஷகிலா போலீஸிடம் சொன்னது:
'விடியற்காலம் வரைக்கும் முனகுச்சு சார்.
அப்புறம் நின்னுச்சு.
சரி தூங்கிடுச்சுன்னு
நாங்களும் தூங்கிட்டோம்.'

கான்ஸ்டபிள் டீக்கடையில் பட்டியல் படித்தார்.
பால் புட்டி ஒன்று, காய்ந்தது.
ஊசி மூன்று.
பாய். செல்போன், சார்ஜ் இல்லாமல்.
மிட்டாய் ஒன்று, பிரிக்காதது,
காகிதத்தின் மேல் பல் பதிந்த தடம்.

எத்தனை பல் என்று அவர் சொல்லவில்லை.
எனக்குத் தெரியும். மேலே இரண்டு, கீழே இரண்டு.
கடைக்கு வரும்போதெல்லாம் சிரிக்கும்.

பெற்றவளா அவள் என்றார்கள்.
பேய் என்றார்கள், தூக்கில் போடணும் என்றார்கள்.
நானும் சொன்னேன்.
எல்லோரையும்விடச் சத்தமாய்ச் சொன்னேன்.
கையிலிருந்த கிளாஸ் டீ
என் செருப்பின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

முதலாளி அன்றே கடையைக் கழுவச் சொன்னார்.
கேமரா பதினைந்து நாளில் தானாய் அழியுமாம்.
இன்ஸ்பெக்டர் பதினேழாம் நாள் வந்தார்,
ஜில்லென்று ஒரு மோர் குடித்துவிட்டுப் போனார்.

அதன்பின் நான் செய்தது ஒன்று உண்டு,
சொன்னால் சிரிப்பீர்கள்.
தினமும் காலையில் கோயில் வாசல் பூக்காரியிடம்
நூறு ரூபாய்க்குச் சில்லறை மாற்றி வருகிறேன்.
மிட்டாய் பாட்டிலை எடுத்துவிட்டேன்.
யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கி வைப்பதில்லை.

நேற்று மணி ஒன்பதரை.
நாணயத்தால் கண்ணாடியைத் தட்டினான் ஒருவன்.
இருபது வயதிருக்கும்.
பின்னால் ஸ்கூட்டரில் ஒரு பெண்,
துப்பட்டாவுக்குள் ஏதோ ஒரு சின்னக் கால்
ஆடிக்கொண்டிருந்தது.

'அண்ணா, அந்த...' என்றான்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.
ஆனால் என் முதுகு
பத்து வருஷப் பழக்கத்தில்
ஏற்கனவே குனிந்திருந்தது.