வரேன்

எடைமேடைக்குப் பின்னால், லோரிகள் திரும்பும் மண்தரையில்
பன்னிரண்டு பி.வி.சி. குழாய்களை நட்டிருக்கிறேன்.
ஆ சூன் இரும்புக்கடையில் கடனுக்கு வெட்டித் தந்தது.
'தக்காளி போடப்போறியா?' என்றார்.
ஆமாம் என்றேன்.
நாய்க்கு என்றால் காலுக்கு ஒரு வெள்ளி கூடியிருக்கும்.

சுரங்கம், உரச்சாக்குகளைக் கழுவித் தைத்தது.
எத்தனை கழுவினாலும்
மறுவாயில் வெளிவரும் மீசையில் யூரியா வாசம்.
சாய்பலகைக்கு ஆலை அலுவலகத்தின் பழைய கதவுகள் இரண்டு.
ஒன்றில் 'பெங்குருஸ்' என்ற பெயர்ப்பலகை இன்னும் ஒட்டியிருக்கிறது.
மேலாளர்மேல் நாளுக்கு இருபது முறை
ஏறி இறங்குகிறது சில்லறை.

லோரிக்காரர் அஸ்மான் அதைத் தொடமாட்டார்.
குலை இறக்கும்வரை கேபினில் உட்கார்ந்தபடியே
கைப்பேசியில் நேரம் பிடிப்பார்.
'நாற்பத்தொன்று!' என்று கத்துவார்.
'நேற்று முப்பத்தொன்பது. உனக்குத்தான் மூச்சு வாங்குது, அதுக்கில்லை.'

அவர் சொன்னது சரி.
ஓட்டத்தில் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு குறைவு.
'நுழை' என்று கத்திக்கொண்டே
தோள் தாண்டுகம்பியைப் பார்த்திருந்தால்
தாண்டித்தான் போகும்.
முதல் குழாய் அதன் இடது தோளை உரச வேண்டும்;
அதற்கு என் வலது கால் எங்கே நிற்க வேண்டும் என்று படிக்க
ஒரு மழைக்காலம் ஆனது எனக்கு.

ஆனால் கீழ்ப்படிதல் வேறு.
அங்கே ஓடவேண்டியதில்லை. சொல் போதும்.
உட்கார். இரு.
'இரு' எனக்குப் பிடித்த சொல்.
காத்திரு என்றும் ஆகும்,
உயிரோடு இரு என்றும் ஆகும்,
நம்மைப்போல் இரண்டு என்றும் ஆகும்.

ஈப்போ. மூடிய பாட்மிண்டன் மண்டபம், பச்சை விரிப்பு.
கோலாலம்பூரிலிருந்து வந்த நாய்களுக்குத் தனித்தனி மின்விசிறி.
ஒலிபெருக்கி 'தில்லாரே' என்றது.
இரண்டாம் முறை அழைத்தபோதுதான்
எங்களைத்தான் என்று புரிந்தது.

ஆறு நாய்கள் வரிசையாக.
ஒரே கட்டளை தந்து, திரைக்குப் பின்னால் போய்
மூன்று நிமிடம் மறைந்து நிற்க வேண்டும்.
இரு, என்றேன்.
அமர்ந்தது, கல்மாதிரி.
திரும்பினேன். நாலு எட்டு வைத்திருப்பேன்,
எடைமேடைச் சாவியை எடுக்கும்போது
காலையில் வீட்டுச் சுவரிடம்கூடச் சொல்வேனே, அதே பழக்கத்தில்
'வரேன்' என்றது என் வாய்.

எழுந்து பின்னாலேயே வந்துவிட்டது.
வாலைப் பார்க்கணும் நீங்கள்.
கூப்பிட்டதற்கு வந்துவிட்டேன் என்ற பெருமை.

நடுவர் மிஸ் யோங் அட்டையில் பூஜ்யம் எழுதினார்.
'என்ன சொன்னீங்க அதுகிட்டே?'
வருகிறேன் என்றேன்.
'நீங்க போய்க்கிட்டுல்ல இருந்தீங்க?'

எப்படிச் சொல்வது.
போகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டில் யாரும் போனதில்லை.
சிங்கப்பூருக்குப் போன என் வீட்டுக்காரரும்
வரேன் என்றுதான் பையைத் தூக்கினார்,
மோட்டாருக்கு ஆயில் மாற்றச் சொல்லிவிட்டு.
ஒன்பது வருஷத்தில் நாலு முறை மாற்றியாயிற்று மோட்டாரையே.

பிற்பகல் ஓட்டம் நன்றாக இருந்தது என்று சொல்லலாம்.
பன்னிரண்டு குழாயும் தண்ணீர்போல் வளைந்து வந்தது.
சாய்பலகையில் மட்டும்
மஞ்சள் பூச்சை மிதிக்காமல் குதித்துவிட்டது.
எங்கள் கதவில் மஞ்சள் இல்லை, பெயர்ப்பலகைதான்.
ஐந்து புள்ளி போச்சு. இருபத்திரண்டு பேரில் பதினாலாவது.
பரிசாக ஒரு பை தீனி, சால்மன் மீன் வாசத்தில்.
அதற்குப் பிடிக்கவில்லை.

சொல்லை மாற்று என்றார் அஸ்மான்.
போறேன்னு சொல்லிப் பழகு, சுலபம்.
முயன்று பார்த்தேன், அந்த மண்தரையிலேயே, இரண்டு நாள்.
நாக்கு புரளவில்லை.

அதனால் நாய்க்கு மாற்றுகிறேன்.
உட்கார வைத்து, வரேன் என்று சொல்லிவிட்டு
பத்தடி போய்த் திரும்புகிறேன். எழுந்தால் மறுபடி முதலிலிருந்து.
பிறகு இருபதடி. பிறகு செம்பனை மரத்துக்குப் பின்னால்.
நேற்று லோரியைச் சுற்றிப் போய்
அறுபதுவரை எண்ணி எட்டிப் பார்த்தேன்.

காதில் உண்ணியைச் சொறிந்துகொண்டிருந்தது.
எழவில்லை.