பன்னிரண்டு ‘கா’

மூன்றாம் பக்கம் ஏழாவது வரியில்
‘கா’ தீர்ந்துபோனது.

பார்சிலோனாவில் வார்த்து
கப்பலில் வந்து, கழுதையில் ஏறி
குஸ்கோ சேர்ந்த எழுத்துப்பெட்டி இது.
‘ஆ’வுக்குக் குதிரைத்தொட்டி போல ஓர் அறை.
‘கா’வுக்குத் தீப்பெட்டி.
எண்ணினேன். பன்னிரண்டு.
ஸ்பானிய மொழிக்கு அது தாராளம்.
கிலோ, கிலோமீட்டர்,
கெரசின் விளம்பரத்துக்கு ஒன்று.
அந்த ஒலிக்கு அவர்களிடம்
வேறு எழுத்துகள் இருக்கின்றன.

அன்செல்மோ துபயாச்சியின் கெச்சுவா கவிதையிலோ
வரிக்கு ஐந்து.
சும்மா வரும் கா, மூச்சிரைக்கும் கா,
சட்டியில் சோளம் பொரிவதுபோல்
தொண்டையில் வெடிக்கும் கா.

“இருக்கிற எழுத்தைப் போடு, ஃபோர்த்துனாட்டா.
யார் வாசிக்கப் போகிறார்கள்?”
முதலாளி தோன் இலாரியோன்.

அன்செல்மோ லாரிக் கம்பெனியில் கணக்கெழுதுகிறவன்.
ஒரு சென்டாவோ விடமாட்டான்.
‘தந்தா’ என்றால் கூட்டம், என்றான்.
மூச்சை விட்டுச் சொன்னால் கந்தல்.
நாக்கை வெடித்துச் சொன்னால் ரொட்டி.
எங்கள் ஊர்ப் பாதிரியார் புத்தகத்தில்
மூன்றும் ஒரே எழுத்து.
மண்டியிட்டு வாசித்தோம்:
இன்றைய கந்தலை இன்றே தாரும்.
அந்த ஒரு செபம்தான்
தவறாமல் பலித்தது.

முதலாளி சிரித்துவிட்டார். பிறகு
சிரித்ததற்காகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

மை உலரும் வரை அன்செல்மோ பேசினான்.
கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்தவர்களுக்கு
இந்தப் பஞ்சமே இல்லை;
கயிறு தீர்ந்தால்
இன்னொரு லாமாவைக் கத்தரித்தால் போயிற்று.
அந்த முடிச்சுகளை எரித்தார்களே,
கருகிய மயிர் நாற்றம் வந்திருக்கும்.
உள்ளே இருந்தது வரிப்பாக்கியா காதல் கதையா
எரித்தவனுக்கும் தெரியாது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
என் குடும்பப் பெயரை நினைத்துக்கொண்டிருந்தேன்.
கவானா. நின்று பார்க்கும் மேடு என்று பொருள்.
பதிவேட்டில் எழுதிய குமாஸ்தா
என் தாத்தன் தொண்டையைக் கேட்டுக் குழம்பி
முதலெழுத்தை இரண்டு தரம் போட்டுவிட்டான்.
திக்குவாய்க்காரன் பெயர் மாதிரி
அதில்தான் கையெழுத்திடுகிறேன்.

அன்றிரவு ஒரு வழி செய்தேன்.
நாலு வரி கோப்பது, அச்சிடுவது,
கலைப்பது, துடைப்பது,
அதே பன்னிரண்டு ‘கா’வை எடுத்து
அடுத்த நாலு வரி.
ஒரே தாள் எந்திரத்துக்குள் ஆறு தடவை போனது.
வரிகள் கொஞ்சம் கோணல்;
மலைப்பாதையில் லாரி போகிறாற்போல.

வெடிப்பொலிக்கு மேலே ஒரு கீற்று வேண்டும்.
அது பெட்டியில் இல்லவே இல்லை.
கால்புள்ளிகளை அள்ளித்
தலைகீழாய்ச் செருகினேன்.
இருந்ததெல்லாம் செருகினேன்.

கவிதை எதைப் பற்றி என்று கேட்கிறீர்களா?
அபுரிமாக் பாலத்தருகே
லாரிக்கு டயர் வெடித்தது பற்றி.
மாற்று டயர் இல்லை, உருளைக்கிழங்கு முளைவிடுகிறது,
டிரைவரும் அன்செல்மோவும்
நதி பேசுவதைக் கேட்டபடி
யார் ரசீதில் கையெழுத்திடுவது என்று சண்டை.
லிமாவிலிருந்து வந்த கண்ணாடிக்காரர்
புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
“சூரியன் எங்கே? காண்டோர் கழுகு எங்கே?”
அன்செல்மோ பணிவாய்ச் சொன்னான்:
“கழுகுக்கு டயர் கிடையாது, ஐயா.”

கடைசிப் பக்கத்தின் அடியில்
யாரையும் கேட்காமல்
அச்சுக்கோத்தவர் என்று என் பெயரைக் கோத்தேன்,
தாத்தன் தொண்டையில் இருந்தபடியே.
அது என் பெயர்தானா என்று
மூன்று முறை வாசித்தேன்.

மறுநாள் நகரத்தலைவரின் சுதந்திர தின உரை
ஒரு கால்புள்ளிகூட இல்லாமல் வெளியானது.
தாயகமே தியாகிகளே தண்ணீர்க்குழாயே என்று
மூச்சு விடாமல் இரண்டு பத்தி.
மேடையில் வாசித்தவருக்கு இருமல் வந்துவிட்டதாம்.

அலுவலகத்திலிருந்து ஆள் வந்தான்.
“கால்புள்ளியெல்லாம் எங்கே?”

வேலையில் இருக்கின்றன, என்றேன்.